வளையன் மறைத்த பஞ்சம்

மேகங்கள் இறங்கி வந்து தூங்கும் ஒரு மலைக்காட்டில், வளையன் என்ற இருவாச்சிப் பறவையும் அவன் மனைவி தும்பையும் குடும்பம் நடத்தி வந்தார்கள். ஓர் உயரமான மரத்தின் பொந்துதான் அவர்கள் வீடு.

முட்டையிடும் காலம் வந்தது. இருவாச்சிகளின் வழக்கப்படி தும்பை பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை உள்ளிருந்தே மண் பூசி அடைத்துக்கொண்டாள். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீற்றை மட்டும் விட்டு வைத்தாள். உள்ளே அவளுடைய இறகுகள் உதிர்ந்தன. புதிதாக முளைக்கும்வரை அவளால் பறக்க முடியாது. வளையன் தொண்டைப்பையில் அடக்கிக் கொண்டுவந்து ஊட்டுவதுதான் இனி வீட்டின் வரவு.

தும்பைக்கு அது கனவு போன்ற காலம். காலையில் பனி கீற்று வழியே நுழைந்து அவள் முகத்தைத் தடவிவிட்டுப் போகும். வெயில் ஏறினால் ஒரு பொன்நூல் உள்ளே விழுந்து மெல்ல நகரும். மாலையில் இலைகளின் நிழல் சுவரில் மீன் கூட்டம்போல நீந்தும். அவள் பாதி விழிப்பிலும் பாதி உறக்கத்திலும் முட்டையை அணைத்தபடி வெளியே பறப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அந்த நிழல்களுக்கு நடுவே ஒருநாள் குஞ்சு பிறந்தது.

அப்போது பக்கத்துக் கல்லத்தி மரம் காய்த்துக் குலுங்கியது. வளையன் பழத்தை அள்ளிக்கொண்டு வருவான். வீட்டுக்கு அருகே ஒரு பாறைமேல் மலை அணிலும் அதன் கூட்டாளிகளும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் நாலு பழம் கக்கிக் கொடுப்பான். "வளையன் வீட்டில் என்ன குறை?" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால் அவனுக்கு நெஞ்சு நிறையும். தும்பையும் நல்ல கனிந்த பழமாகப் பார்த்துக் குஞ்சுக்குக் கொடுப்பாள். சற்றுக் கசங்கியதைக் கீற்று வழியே வெளியே தள்ளிவிடுவாள். நிறைய இருக்கும்போது யார் யோசிக்கிறார்கள்?

கோடை நீண்டது. கல்லத்தியில் பழம் தீர்ந்தது.

வளையன் அதை வீட்டில் சொல்லவில்லை. உள்ளே அடைபட்டுக் கிடப்பவளிடம் சொல்லி அவள் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தான். மேற்கே இரண்டு மலை தாண்டிப் போய்த் தேடினான். கிடைத்தது கொஞ்சம்தான். அதிலும் பாறைக்கு வந்ததும் அணிலுக்குக் கொடுக்காமல் போக அவனுக்கு மனம் வரவில்லை. கொடுக்காவிட்டால் இவன் வீட்டில் ஒன்றும் இல்லை என்று பேசுவார்களே! மிச்சத்தை அப்படியே தும்பையிடம் கொடுத்துவிட்டு, தான் வழியிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லுவான்.

அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. காற்றில் மிதக்கும்போது மலைகள் எல்லாம் கண்முன்னே ஆடின. மேகத்தை மரமென்று நினைத்து உட்காரப் போய்ச் சறுக்கினான். ஆனாலும் வீட்டு வாசலுக்கு வந்தால் சிரித்த முகமாக இருப்பான். உள்ளே தும்பை, எதுவும் தெரியாமல், கசங்கிய பழத்தை இன்னமும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாலை அவன் ஒரே ஒரு பழத்தோடு வந்தான். அதைக் கீற்றில் நீட்டினான். பழம் அலகிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. வளையன் அதை எடுக்கப் பறக்கவில்லை. கிளையோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

தும்பை பதறிப்போனாள். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டாள்.

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"என்றைக்குச் சாப்பிட்டீர்கள்? அதையாவது சொல்லுங்கள்."

வளையன் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். கல்லத்தி தீர்ந்ததை, மேற்கே அலைவதை, பாறையில் கொடுப்பதைக்கூட மறைக்கவில்லை. கேட்கக் கேட்கத் தும்பைக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"நான் கதவடைத்துக் கிடப்பதால் எனக்கு ஒன்றுமே தெரிய வேண்டாமா? நீங்கள் பட்டினி கிடந்து கொண்டுவந்ததை நான் வெளியே தள்ளிக்கொண்டிருந்தேனே. முன்பே தெரிந்திருந்தால் ஒன்றைக்கூடத் தள்ளியிருப்பேனா?"

பிறகு அவள் சற்று யோசித்தாள். விடிந்ததும் இந்தக் கீற்றுக்கு நேரே மலைப்புறாக்கள் பறப்பதைத் தினமும் பார்ப்பதாகச் சொன்னாள். கிழக்கேயுள்ள ஓடைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது அவற்றின் அலகெல்லாம் சிவந்திருக்கும். அங்கே எங்கோ காட்டு ஜாதிக்காய் பழுத்திருக்க வேண்டும்.

வளையன் கண்ணைத் திறந்து கிழக்கே பார்த்தான். அவன் தினமும் அதற்கு நேர் எதிர்த்திசையில் அல்லவா போய்க்கொண்டிருந்தான்!

அன்றே இருவரும் பேசி முடிவு செய்தார்கள். முதலில் உழைப்பவன் வயிற்றுக்கு, அவன் விழுந்தால் வீடே விழும். அடுத்து குஞ்சுக்கு. கசங்கிய பழம் தும்பைக்கு. நன்றாகக் கிடைக்கும் நாளில் கொஞ்சத்தைப் பொந்தின் ஒரு மூலையில் ஒதுக்கி வைப்பது. பாறையில் விருந்து இனி கிடையாது.

மறுநாள் போய்ப் பார்த்தபோது கிழக்கே ஜாதிக்காய் மரம் இருக்கத்தான் செய்தது. நிறையப் பழம் இல்லை, ஆனால் தூரம் குறைவு. வளையன் அங்கேயே சாப்பிட்டுத் தெம்போடு திரும்பினான். பாறையை நெருங்கியபோது மட்டும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இந்தக் கோடையில் வீட்டுக்கே போதவில்லை, கொடுக்க முடியாது என்று தலை குனிந்து சொன்னான்.

"அதற்கென்ன?" என்றது மலை அணில். "எங்களுக்குக் கொட்டை இருக்கிறதே. நீ ஆசையாகக் கொடுக்கிறாய் என்றுதான் வாங்கிக்கொண்டோம்." சொல்லிவிட்டு அது வாலைச் சுருட்டிக்கொண்டு வெயில் காயப் போய்விட்டது.

இத்தனை நாள் எதற்குப் பயந்தோம் என்று வளையனுக்கே புரியவில்லை.

அன்று மாலை மலைமேல் செம்மேகம் மிதந்தது. குஞ்சு தன் பங்கைத் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது. தும்பை அதனிடமும் மறைக்கவில்லை.

"இன்றைக்கு இவ்வளவுதான், கண்ணு. நாளைக்கும் இவ்வளவுதான். மழை வந்தால் கூடும்."

"மழை எப்போது வரும்?"

"தெரியாது. வந்ததும் சொல்கிறேன்."

குஞ்சு அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு அம்மாவின் வெதுவெதுப்புக்குள் சுருண்டு தூங்கிப்போனது. வெளியே கிளையில் வளையனும், பல நாளுக்குப் பிறகு, கனவு காணும் அளவுக்கு ஆழ்ந்து தூங்கினான்.

வீட்டின் வரவையும் குறையையும் வீட்டில் உள்ள எல்லோரும் அறிந்திருந்தால்தான் இருப்பதை வைத்துச் சிக்கனமாகவும் நிம்மதியாகவும் வாழ முடியும்.