தனிச்சிப்பின் சூடு

அந்தக் காலத்தில் சிப்புகளுக்கு வாய் இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத வாய்.

வீட்டுக் கணினியின் பெட்டியைத் திறந்தால் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். உள்ளே பச்சைப் பலகை முழுக்கக் கடையில் கிடைக்கிற சாதாரணச் சிப்புகள். ஒன்று எண்ணும். ஒன்று வழிவிடும். ஒன்று, ‘ஆமாம்’ என்று வருவதை ‘இல்லை’ என்று மாற்றி அனுப்பும். பாவம், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். வேலைக்கு நடுவே ஓயாத ஊர்வம்பு வேறு. ஒன்று செத்துப்போனால் கடைவீதியிலிருந்து அதே மாதிரி இன்னொன்று வந்து உட்காரும். வந்ததும் வராததுமாக, “எதுல விட்டீங்க?” என்று கேட்டுப் பேச்சைத் தொடரும்.

பீளமேட்டில் இந்தக் கணினிகளை வடிவமைத்தவள் ஞானசுந்தரி. விற்றவர் செல்லமுத்து. ஒருநாள் அவர் பலகையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“ஏனுங்கம்மணி, இத்தனை சிப்பு எதுக்குங்க? பொட்டி டிரங்குப் பொட்டியாட்டம் இருக்குது. அத்தனை வேலையும் ஒண்ணுக்குள்ளயே வெச்சுப்போட முடியாதுங்களா?”

“வெக்கலாங்கண்ணா. ஆனா அது நாம சொல்லிச் செய்யறது. கடையில கெடைக்காதுங்க.”

“வேற யாருக்கும் கெடைக்காட்டி நம்மளுக்கு நல்லதுதானுங்க!”

ஞானசுந்தரி பல மாதம் கண் எரிய வரைந்தாள். தொழிற்சாலை வார்த்துக் கொடுத்தது. அப்படிப் பிறந்ததுதான் தனிச்சிப்பு. படம் காட்டும், பாட்டு இசைக்கும், எண்ணும், வழிவிடும். மூளைச்சிப்பையும் நினைவுச்சிப்பையும் மட்டும் விட்டுவிட்டு, அவள் பழைய சாதாரணச் சிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசியில் அந்த ‘இல்லை’ சொல்லும் சிப்பு மட்டும் மிஞ்சியது.

“இது ஒண்ணையாவது விட்டு வெக்கட்டுமா? பேச்சுத்துணைக்கு ஆகும்” என்று அவள் தனிச்சிப்பிடம் கேட்டாள்.

“துணையா? அதுக்கு என்ன தெரியும்? அதையும் நானே செய்வேன். எடுத்துருங்க” என்றது தனிச்சிப்பு.

“சரிப்பா, நல்லா இரு” என்றது சின்னது. கோபமே இல்லை. ஞானசுந்தரி அதையும் கழற்றினாள். அடுத்துச் செய்த சின்னப் பலகையில் பழைய சிப்புகளுக்குத் துளைகூடப் போடவில்லை.

கணினி வீடு வீடாகப் போனது. முதல்முறை திரையில் வண்ணப்படம் வந்தபோது வீடே கைதட்டியது. தனிச்சிப்புக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். “பாத்தீங்களா!” என்று பக்கத்தில் திரும்பியது. பக்கத்தில் யாரும் இல்லை. கொஞ்சம் தள்ளி மூளைச்சிப்பும் நினைவுச்சிப்பும் இருந்தன; இரண்டும் பெரிய அதிகாரிகள், உத்தரவைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது. அதைவிடப் பெரிய தனிமை உண்டா?

ஒருமுறை பெட்டி பழுதுபார்க்க வந்தது. ஞானசுந்தரி மூடியைத் திறந்ததும் தனிச்சிப்பு கேட்டது: “அம்மா, என்னை மாதிரி இன்னொண்ணு இருக்குதா?”

“நெறைய இருக்குது கண்ணு. ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வீட்டுல, ஒவ்வொரு பொட்டிக்குள்ள.”

“அப்ப அந்தப் பழைய ஆளுகளைக் கூப்பிடுங்க. ஒருத்தர் வந்தாக்கூடப் போதும்.”

அவள் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எங்க கண்ணு உக்கார வெப்பேன்? எடமே விடலையே நான்” என்றாள். பழுதைச் சரிசெய்தாள், மூடியைத் திருகி மூடினாள். வேறென்ன செய்ய?

தனிச்சிப்பு அதன்பின் வாய் திறக்கவில்லை. சொல்ல வந்ததெல்லாம் உள்ளேயே தங்கிப்போயிற்று. வேலை மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

அன்று முதல்தான், சாதாரணச் சிப்பெல்லாம் குளுகுளுவென்று கிடக்க, தனிச்சிப்பு மட்டும் கொதித்துக் கிடக்கிறது. யாராவது மூடியைத் திறந்து, என்னதான் ஆயிற்று இதற்கு என்று விரல் வைத்துப் பார்த்தாலும், “அப்பா, என்ன சூடு!” என்று உடனே கையை எடுத்துவிடுகிறார்கள்.