கண்டுபிடித்த தேதி

“திருத்தத்தை மட்டும் சேத்துக்கிட்டீங்க. என் பேரை ஏன் போடல?”

கருணாகரன் உட்காராமலேயே கேட்டார். இதைக் கேட்பதற்காகவே ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார்.

பிரிசில்லா டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

‘ஊற்று’ ஒரு மென்பொருள். கடலோரக் கிணறுகளில் எந்த வருடம் உப்பு ஏறும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். விலை கிடையாது. யாரும் அதன் உள்ளே திறந்து படிக்கலாம், பிழை தெரிந்தால் திருத்தி அனுப்பலாம். அனுப்புகிறவர்களின் பெயர்கள் ஒரு பட்டியலில் ஏறும்.

பதினாறு வருடமாக அதைப் பராமரித்து வருபவர் பிரிசில்லா. நிலத்தடி நீர்த் துறையில் வேலை பார்க்கும் கருணாகரனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பத்து வயது இளையவர். ஆனாலும் கருணாகரனுக்கு அவர் டீச்சர்தான்.

“பேரோட ஒரு தேதியும் போடணும் சார். பிழையைக் கண்டுபிடிச்ச தேதி. நீங்க அதை எழுதல.”

“போன மாசம்னு போட்டுக்குங்க.”

டீச்சர் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

கருணாகரன் அனுப்பியிருந்த கோப்புதான். திருத்திய வரிக்குப் பக்கத்தில், தனக்காக அவர் எழுதி வைத்திருந்த குறிப்பு அப்படியே இருந்தது. ‘மழைப்பதிவு இல்லாத மாதத்தை, மழையே பெய்யாத மாதமாக எடுத்துக்கொள்கிறது. சரி செய்துவிட்டேன்.’

கீழே தேதி. பதினோரு வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதம்.

அனுப்பும்போது அழிக்க மறந்திருந்தார்.

கருணாகரன் உட்கார்ந்தார்.

“வேலை ஜாஸ்தி டீச்சர். அப்புறம் அனுப்பலாம்னு விட்டுட்டேன்.”

டீச்சர் திரையிலிருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அனுப்ப பத்து நிமிஷம் ஆகியிருக்கும்,” என்றார் கருணாகரனே.



கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் கணக்கு கொஞ்சம் பிசகும். என்கிட்ட இருந்த திருத்தின காப்பியில மட்டும் சரியா வரும். கருத்தரங்குல எழுந்து கேப்பாங்க, உங்களுக்கு மட்டும் எப்படி சார்னு. அனுபவம்னு சொல்லுவேன்.” கண்ணாடியை மடக்கினார். “அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.”

“இப்ப ஏன் அனுப்பினீங்க?”

“ஜூன்ல ரிட்டயர் ஆகுறேன். எங்கேயாவது பேர் இருக்கட்டும்னு நெனச்சேன்.”

டீச்சர் வேறொரு பக்கத்தைத் திறந்தார். ஊற்றைப் பயன்படுத்துகிறவர்கள் கேள்வி கேட்கும் பக்கம். ஐந்து வருடம் பின்னால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

ரிஸ்வானா என்ற பெண் எழுதியிருந்தாள். ‘மழைப்பதிவு விட்டுப்போன மாதங்கள் அதிகம் இருந்தால், கணக்கு உப்புப் பக்கமாகச் சாய்கிற மாதிரி தெரிகிறது. நான்தான் தப்பாகச் செய்கிறேனா? நாலு கிணறுகளைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.’

அதன் கீழே யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“கிட்டத்தட்ட கண்டுபிடிச்சிருக்கு இந்தப் பொண்ணு,” என்றார் கருணாகரன்.

“ஆமா.”

“நீங்களாவது பதில் சொல்லியிருக்கலாமே டீச்சர்.”

“மூணு நாள் தேடினேன். எனக்குக் கிடைக்கல. நான் பராமரிக்கிற மென்பொருள், எனக்கே தெரியலன்னு எப்படி எழுதறது? வெக்கமா இருந்துச்சு. விட்டுட்டேன்.”

“அந்தக் கிணறெல்லாம் என்ன ஆச்சு?”

“அந்தப் பொண்ணு கணக்கை அப்படியே அறிக்கையில குடுத்துருச்சு. ரெண்டு வருஷத்துல உப்பாயிடும்னு மூணு கிணத்தை மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. ஊருக்கு இப்ப லாரித் தண்ணி.”

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

“என் பேரை எங்க போடணும் டீச்சர்?”

அந்தக் கேள்விக்குக் கீழே காலியாக இருந்த இடத்தை டீச்சர் விரலால் தொட்டுக் காட்டினார்.

கருணாகரன் எழுத ஆரம்பித்தார். ஒரு பத்தி எழுதி அழித்தார். இன்னொன்று எழுதி அதையும் அழித்தார். கடைசியில் இரண்டு வரிதான் நின்றது. ‘நீங்கள் தப்பாகச் செய்யவில்லை. தப்பு மென்பொருளில் இருந்தது.’ கீழே தன் பெயரைப் போட்டார்.

“அஞ்சு வருஷம் கழிச்சு இதை யார் வந்து பாக்கப்போறா டீச்சர்?”

டீச்சர் மேசை டிராயரிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்தார். அதில் ஒரு போன் நம்பர் இருந்தது.

“உங்க திருத்தம் வந்த அன்னிக்கே விசாரிச்சு வாங்கிட்டேன். மூணு தடவை போனைக் கையில எடுத்தேன். பேச முடியல.”

கருணாகரன் நம்பரை அழுத்தினார். டீச்சருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்.

ரிஸ்வானா எடுத்தாள். அவள் இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

கருணாகரன் தான் யார் என்று சொன்னார். அவளுடைய பழைய கேள்வியை ஞாபகப்படுத்தினார். அந்தக் கிணறுகளின் தண்ணீர் உப்பாக மாறியிருக்காது என்றார்.

“தெரியும் சார்,” என்றாள். “பள்ளிவாசல் கிணத்தை மட்டும் மூட விடாம சண்டை போட்டாங்க. இன்னிக்கும் நல்ல தண்ணி. எங்க அம்மா ஊருதான் சார் அது. நான் போறப்பல்லாம் ஊர்ல யாராவது அதுலேருந்து ஒரு செம்பு மொண்டு என் கையில குடுப்பாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

கருணாகரன் போனுக்குப் பக்கமாகக் குனிந்தார்.

“சந்தேகம் இருந்தும் ஏம்மா அந்தக் கணக்கைக் குடுத்தீங்க?”

“கேட்டேனே சார். அவ்வளவு படிச்சவங்க பாக்குற இடம். தப்பு இருந்தா யாராவது ஒருத்தர் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். யாரும் சொல்லல. அப்ப எனக்குத்தான் இந்த வேலை வரலன்னு விட்டுட்டேன்.”

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் என்று அவர்களிடம் சொன்னாள்.

“உங்களுக்கு இது எப்ப சார் தெரிஞ்சது?”

கருணாகரன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருணாகரன் மாதத்தையும் வருடத்தையும் சொன்னார்.

 அந்தப் பக்கம் அவள் வருடங்களை எண்ணிப் பார்ப்பது முணுமுணுப்பாகக் கேட்டது.

“அப்ப நான் ப்ளஸ் ஒன் படிச்சிட்டிருந்தேன் சார்,” என்றாள்.