கட்டாரி முட்டிய பத்தாவது முட்டு

ஊற்றுப்பாறைக் காட்டில் இரண்டு ஆட்டு மந்தைகள் இருந்தன. தண்ணீருக்கோ ஒரே ஒரு ஊற்றுதான். அதனால் மாதம் ஒருமுறை மந்தைக்கு ஒரு கிடா வந்து முட்ட வேண்டும். ஜெயித்த கிடாவின் மந்தை அந்த மாதம் முழுக்க முதலில் குடிக்கும். தோற்ற மந்தைக்குக் கலங்கல்தான்.

கீழ்மந்தையின் முட்டுக்காரன் கட்டாரி. ஒன்பது மாதமாக அவன் தோற்றதே இல்லை. முட்டிய பிறகு தலையை உதறினால் தோல்வி என்பது விதி. கட்டாரி உதறவே மாட்டான். கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே நிற்பான். மந்தையே ஆஹா ஓஹோ என்று கூத்தாடும்.

அவன் பெண்டாட்டி செம்பி மட்டும் கூத்தாடாமல் அவனையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள்தான். தினமும் மேயப் போகிற ஓடைப் பாதையில் நின்றுகொண்டு, "இது எங்க போகுது புள்ள?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று செம்பி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பிறகு ஒருநாள், மொட்டை வெயிலில், ஒரு பாறையைப் பார்த்தபடி அசையாமல் நின்றான்.

"என்னங்க, அங்க என்ன பண்றீங்க?"

"உள்ளயிருந்து யாரோ தட்டுறாங்க செம்பி. வெளிய விடச் சொல்றாங்க."

செம்பி பாறையில் காதை வைத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. கட்டாரியோ பாறையிடம் குனிந்து, "இரு, வர்றேன்" என்று பதில் சொன்னான்.

செம்பி மந்தைத் தலைவரான கிழட்டுக் கிடாவிடம் ஓடிப்போய், முட்டி முட்டியே அவன் இப்படி ஆகிவிட்டான் என்று முறையிட்டாள். அவரை எல்லோரும் அம்பலம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ரத்தம் வந்துச்சா?" என்று கேட்டார் அம்பலம்.

"இல்லீங்கய்யா."

"கொம்பு உடைஞ்சுச்சா?"

"இல்லீங்கய்யா."

"அப்போ அடியே இல்லை. ரத்தம் வராத அடி கணக்குல சேராதுன்னு நம்ம மந்தைச் சட்டம். மரங்கொத்தி நாள் பூரா மரத்துல தலையை இடிக்குது. அதுக்கு என்ன ஆயிடுச்சு?"

"அது மரத்தைக் கொத்தப் பொறந்ததுங்க. இவரு புல்லு மேயப் பொறந்தவரு."

அம்பலத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுப்பாரா? "நாளை மறுநாள் பத்தாவது முட்டு. அது முடிஞ்சதும் அவனை மரியாதைத் தோப்புக்கு அனுப்பிடறோம். பழைய முட்டுக்காரங்க எல்லாம் அங்க ராஜா மாதிரி இருக்காங்க. போ, போய் மேயிற வேலையைப் பாரு" என்றார்.

மரியாதைத் தோப்பு ஊற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓய்ந்துபோன முட்டுக்காரர்களுக்கு ஆவாரம்பூ மாலை போட்டு அங்கே அனுப்பிவிடுவார்கள். வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. போனால் வீரர்களின் ஓய்வு கெட்டுவிடுமாம். ரொம்பத்தான் அக்கறை!

மறுநாள் மத்தியானம் செம்பி அந்தத் தோப்புக்குள் நுழைந்தாள்.

புல் வயிறு உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. மரத்தடியில் மட்டும் ரெண்டொரு வாய் கடித்த தடம் இருந்தது. அந்தப் புல்லுக்கு நடுவே ஆறு கிடாக்கள், ஆளுக்கொரு மரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தன. ஆறு பேருக்கும் விலா எலும்பு எண்ணிவிடலாம் போல் துருத்திக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை.

அதில் ஒருவன் வேங்கையன். செம்பி குட்டியாக இருந்தபோது கொடிகட்டிப் பறந்த முட்டுக்காரன். தோப்புக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது.

"வேங்கையண்ணே, எப்படி இருக்கீங்க?"

வேங்கையன் மெல்லத் திரும்பினான். "இப்பதான் வந்தேன் தாயி. என் முறை எப்ப வரும்?"

"இவ்வளவு புல்லு இருக்கே, பசிக்கலையா அண்ணே?"

"திங்கணும். முதல்ல அந்தத் தட்டுற சத்தம் நிக்கட்டும்" என்றான் வேங்கையன். உடனே ஆறு பேரும் ஒன்றுபோலக் காதைத் தூக்கினார்கள். தோப்பில் ஒரு இலைகூட அசையவில்லை. ஆறு பேரும் எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செம்பி விழுந்தடித்து ஓடி வந்து, பார்த்ததையெல்லாம் கட்டாரியிடம் சொன்னாள். அன்று அவன் புத்தி தெளிவாக இருந்தது. கேட்கக் கேட்க அவன் கண் கலங்கிவிட்டது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு புள்ள. நாளைக்கு நான் முட்டலை. கலங்கல் தண்ணிய குடிச்சா நாம என்ன செத்தா போயிடுவோம்?"

அப்பாடா என்றிருந்தது செம்பிக்கு. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்து பார்த்தால் பக்கத்தில் அவன் இல்லை. முட்டுக்களத்தில் முதல் ஆளாகப் போய் நின்றிருந்தான்.

"முட்டலைன்னு நேத்து சொன்னீங்களே!"

"நானா? எப்ப சொன்னேன்?" என்றான் கட்டாரி. பாவம், அவன் பொய் சொல்லவில்லை.

செம்பி களத்தின் குறுக்கே போய் நின்றாள். தோப்பில் பார்த்ததை ஒன்று விடாமல் எல்லோருக்கும் சொன்னாள். மந்தை அவளையும் ஊற்றையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் யாரோ ஒருவன், "இந்த ஒரு மாசம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றான். அவ்வளவுதான். நாலு பேர் சேர்ந்து அவளை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

இரண்டு கிடாக்களும் பாய்ந்து வந்து முட்டின. காடே அதிர்ந்தது. மேல்மந்தைக் கிடா தலையை உதறிவிட்டது. கட்டாரி உதறவில்லை.

ஜெயித்தாயிற்று என்று மந்தை முழுக்க ஊற்றுக்கு ஓடியது. கட்டாரியைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. செம்பிதான் அவனை மெல்ல நடத்திக்கொண்டு தண்ணீர்க் கரைக்கு வந்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான்.

"முதல்ல நீங்க குடிங்கம்மா. என் பெண்டாட்டி இப்ப வந்துருவா. அவ வந்ததும் நாங்க சேர்ந்து குடிச்சுக்கறோம்."

செம்பியும் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. "சரிங்க. அவங்க வர்ற வரைக்கும் நானும் உங்க கூடவே நிக்கிறேன்" என்றாள்.

தலையில் விழும் அடியை, நிறுத்த வேண்டும் என்ற நினைவு இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். பிறகு அந்த நினைவும் இருக்காது.