வெள்ளெலி போட்ட சோளம்

குளக்கரைப் புங்கமரத்தின் வேரடியில் ஒரு வெள்ளெலி வளை தோண்டி வாழ்ந்தது. அதன் வளை நிறையச் சோளம். நெஞ்சு நிறையச் சந்தேகம்.

மாசியில் அறுப்பு முடிந்ததும் அந்தக் காட்டில் கொடை நாள் நடக்கும். பிறருக்காகச் சிறு தொண்டு செய்பவர்கள் எழுந்து தங்கள் தேவையைச் சொல்வார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஒரு வாய் தானியமாவது அவர்கள் முன்னால் போடுவார்கள். ஒருவர் போடும்போது மற்ற எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். குறைவாகக் கொடுப்பவர் கூசிப்போகக் கூடாதல்லவா!

அந்த ஆண்டு மணிப்புறா எழுந்தது. "வலையில் சிக்கிச் சிறகொடிந்த குருவிகள் ஏழு என் புதரில் கிடக்கின்றன. பறக்க முடியாது. கோடை முழுவதும் நான்தான் ஊட்ட வேண்டும். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்!"

வெள்ளெலி மீசையை முறுக்கியது. 'ஏழு குருவியை யார் பார்த்தது? போன வருஷம் காக்கையும் இப்படித்தான் அநாதைக் குஞ்சுகளுக்கு என்று வாங்கிப் போய்த் தானே தின்றது. இவளுக்கு நல்ல சோளம் எதற்கு?'

வளையின் ஈர மூலையில் கரும்பூஞ்சை பிடித்த சோளம் கிடந்தது. அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்து, எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது, புறாவின் குவியலில் உமிழ்ந்துவிட்டுப் போய் உட்கார்ந்தது.

அடுத்தது மயிலின் முறை. இரவெல்லாம் காட்டைக் காவல் காக்கும் ஆள்காட்டிக் குருவியும் அன்று உதவி கேட்டிருந்தது; அதற்குப் போட, மயில் மறுபக்கம் திரும்பி நடந்தது. வெள்ளெலி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

புறா தன் குவியலைக் கொத்திக்கொண்டிருந்தது! கொத்திக் கொத்தி எதையோ ஓர் இலைக்கு அடியில் தள்ளியது!

"திருடி! கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்!" என்று வெள்ளெலி கத்தியது. "குருவிக்கு என்று வாங்குகிறாள், தனக்கு என்று ஒளிக்கிறாள்!"

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

"அதே காக்கைக் கதைதான்!" என்றது முயல். தான் போட்டதைத் திரும்ப வாயில் அள்ளியது. அதைப் பார்த்து அணிலும் அள்ளியது.

"அள்ளாதே தம்பி! காலையிலிருந்து என் குருவிகள் பட்டினி!" என்று புறா கதறியது.

"அப்படியானால் இலைக்கு அடியில் என்ன அக்கா?" என்று கேட்டது தலைமை தாங்கிய ஆமை. கேட்டதோடு நிற்காமல், மெல்ல நகர்ந்து வந்து இலையைப் புரட்டியது.

கன்னங்கரேலென்று சோளம். நாற்றம் குப்பென்று அடித்தது.

"இந்த நாற்றம் தாங்காமல்தான் கண்ணைத் திறந்தேன்" என்றது புறா. "நோயாளிகள் இதைத் தின்றால் பொழுது விடிவதற்குள் செத்துப்போவார்கள். அதனால் பொறுக்கி எடுத்தேன். போட்டது யாரோ, அது எனக்கு வேண்டாம்."

ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். அணில் முயலை மோந்தது. முயல் அணிலை மோந்தது. பிறகு முயலின் பார்வை வெள்ளெலியிடம் வந்து நின்றது.

"அண்ணே, உங்கள் மீசையில் என்ன கரி?"

வெள்ளெலி அவசரமாகத் துடைத்தது. துடைத்த கையும் கறுத்தது.

"விரட்டுங்கள் இவனை!" என்று கூட்டம் கொதித்தது.

"விரட்டினால் என் குருவிகளுக்கு வயிறு நிறையுமா?" என்றது புறா. "வளையில் நல்ல சோளமும் இருக்கும். கொண்டுவரச் சொல்லுங்கள்."

முயலும் அணிலும் அள்ளியதைத் தலைகுனிந்தபடி திரும்பப் போட்டன. வெள்ளெலி வளைக்கும் புதருக்குமாக நடந்தது. இப்போது எல்லோரும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்கள். அது உமிழ்ந்த ஒவ்வொரு சோளத்தையும் ஆமை மோந்து பார்த்த பிறகே உள்ளே விட்டது. புதருக்குள் ஏழு சின்ன வாய்கள் திறந்து காத்திருந்ததை வெள்ளெலி அன்றுதான் தன் கண்ணால் பார்த்தது.

கொடுக்க மனமில்லாதவனுக்குத்தான், வாங்குகிறவர்கள் எல்லோரும் திருடர்களாகத் தெரிவார்கள்.