போனில் தெரியாத லாரி

சங்ககிரி லாரி முதலாளி அர்த்தநாரி, புது லாரியின் டேஷ்போர்டில் தன் கையாலேயே ஜி.பி.எஸ். கருவியை ஒட்டினார். கண்பட்டுவிடுமென்று அதன்மேல் செப்பு எந்திரத் தகட்டையும் கவிழ்த்துவைத்தார். அன்றிலிருந்து லாரி போகுமிடம் அவர் போனில் தெரியவேயில்லை.

“நீதான்டா அணைச்சு வெச்சுட்டு ஊர் சுத்தறே!” என்று டிரைவர் மாதையன்மேல் பாய்ந்தார். “தகட்டையும் தொடாதே, மிஷினையும் தொடாதே. ஆனா இப்பவே லாரி போன்ல தெரியணும். இல்லைன்னா சாவியை வெச்சுட்டு நடையைக் கட்டு!”

மாதையன் கையைக் கட்டிக்கொண்டான். “நான் தொடலீங்க முதலாளி. ஆனா நாளைக்கு ஆயுத பூஜை. தகட்டுல இருக்கற சாமி கறுத்துக் கெடக்குதுங்களே. வெச்ச கைதானுங்க விளக்கணும்.”

அர்த்தநாரி பதறிப்போய்த் தகட்டை எடுத்து, குழாயடியில் புளி போட்டுத் தேய்த்தார். சட்டைப்பையில் போன் ஒலித்தது. திரையில், லாரி நின்ற சங்ககிரி மலையடிவாரத்தில், ஒரு நீலப்புள்ளி மூச்சுவிடுவதுபோல் மினுங்கியது. எங்கோ வானத்திலிருந்து இந்த ஒரு லாரியை ஏதோ பார்த்துக்கொண்டிருந்தது.

“எப்படிடா?”

“மிஷின் வானத்தைப் பார்த்துத்தானுங்க வழி சொல்லுது. நடுவுல செப்புக் கதவைச் சாத்துனது நீங்க. தொறந்ததும் நீங்கதானுங்க.”

பளபளத்த தகட்டை ஏந்தியபடி அர்த்தநாரி அண்ணாந்து பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “இதை எங்கேப்பா வைக்கட்டும்?”