எங்கே என்று கேட்டவன்

மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டிய ஒரு காலை. குரு தன் மூன்று சீடர்களோடு மலை இடுக்கின் வாசலில் நின்றார். இரண்டு பக்கமும் ஈரப் பாறை, நடுவே ஓடை. உள்ளே என்ன இருக்கிறதென்று சீடர்களுக்குத் தெரியாது.

"போனா நாலு பேரும் போவோம். ஒருத்தன் நின்னாலும் நாலு பேரும் திரும்பிடுவோம்" என்றார் குரு.

சடையப்பனும் மாசிலாமணியும் வேட்டியை மடித்துக் கட்டியாயிற்று. பச்சைமுத்துவுக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்ல வெட்கம்.

"எங்கே போறோம் குருவே?" என்று கேட்டுவைத்தான்.

"கெட்டுது போ" என்றான் சடையப்பன். "கிளம்பறப்போ எங்கேன்னா கேப்பாங்க? தூரமான்னு கேக்கணும்ல?"

எங்கே என்று கேட்டுவிட்டால் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தானே மறுபடி கிளம்ப வேண்டும்? குரு பாறையில் உட்கார்ந்தார். ஓடையில் ஒரு செம்பு மொண்டு எல்லாருக்கும் கொடுத்தார். குடித்தார்கள், எழுந்தார்கள்.

முதல் திருப்பத்தில் பாசி வழுக்கியது. "இது எங்கே போய் முடியும்?" என்றான் பச்சைமுத்து. குரு உட்கார்ந்தார். இன்னொரு செம்பு.

அடுத்த திருப்பத்திலும் கேட்டான்.

"இவன் வாயை மூடலேன்னா ஓடையே வத்திடும்" என்று மாசிலாமணி வயிற்றைத் தடவிக்கொண்டான்.

அதற்கு மேல் பாறைகள் நெருங்கின. தண்ணீர் மார்புக்கு ஏறியது. பச்சைமுத்து பாறையைப் பிடித்துக்கொண்டான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் திரும்பிவிடுவார்கள். ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பயத்தில் வாய் மறுபடி "எங்கே" என்றது.

உட்காரக் கல் இல்லை. குரு தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்தார். தலை மறைந்தது. நண்பர்கள் இருவரும் பச்சைமுத்துவின் கையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவனும் முங்கினான். எழுந்தபோது வாயிலும் மூக்கிலும் தண்ணீர்.

"இந்தத் தடவை செம்பு மிச்சம்" என்றார் குரு.

பச்சைமுத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நால்வரும் சிரித்த சிரிப்பு பாறையில் மோதித் திரும்பி வந்தது. அதைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள். பிறகு அவனே முன்னால் நடந்தான். அடுத்த திருப்பத்தில் நின்றான்.

"குருவே, எனக்கு நீச்சல் தெரியாது."

"சரி. எனக்கு வழி தெரியாது."

"நிஜமாவா? நீங்க இங்கே வந்ததே இல்லையா?"

"வந்திருந்தா தனியாவே போய்ட்டு வந்திருப்பேனே. உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்?"