பேசாத உக்கிராணம்

பல்லி சொல்வது போல ‘டிக்’ என்று ஒரு சத்தம். எத்தனையோ வருடங்களுக்கு முன் ஆற்றங்கரை மடத்தில் கேட்டது.

சரக்கு அடுக்கும் கிடங்கை அங்கே உக்கிராணம் என்பார்கள். அதற்குப் பொறுப்பான துறவி அம்பலவாணத் தம்பிரான் ஸ்கேனரை ஒவ்வொரு மூட்டையின் பார்கோடுக்கும் காட்டுவார். டிக். கண்ணை மூடிக்கொள்வார். பூசையில்கூட அவர் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

காவி கட்டும் முன் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கிடங்கில் வேலை பார்த்தவர். உக்கிராணத்துக்கென்று ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டதும் அவர்தான். சமையல் நடக்கும் மடப்பள்ளியில் வேறொரு கணினி, கொள்முதல் பார்க்கும் அலுவலகத்தில் இன்னொன்று. மூன்றும் மூன்று கம்பெனி. பங்காளி வீடுகள் போல ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது.

இதனால் மடத்தில் வெல்லம் காணாமல் போயிற்று.

தலைமைச் சமையல்காரர் சிங்காரம் தன் கணினியில் வெல்லம் கேட்பார். அது உக்கிராணத்துக்கு வராது. வெல்லம் இல்லை என்று அலுவலகத்துக்கு எழுதுவார். அலுவலகம் லாரி நிறைய வாங்கிவிடும். தம்பிரான் டிக், டிக் என்று அடுக்குவார். மடப்பள்ளிக்கு அது தெரியாது. சிங்காரம் மறுபடியும் கேட்பார்.

உக்கிராணத்தில் வெல்லம் கூரையைத் தொட்டது. பந்தியில் பாயசம் சப்பென்று இருந்தது. ஒரு பெரியவர் குடித்துவிட்டு, “சர்க்கரை வியாதிக்காரங்களுக்குத் தனிப் பந்தியா? நல்ல ஏற்பாடு” என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

“ஓய் தம்பிரானே, ரெண்டு மூட்டையை எடுத்து வெளியே போடும்!”

“என் கணினியில் கோரிக்கை வரவில்லையே, சிங்காரம்.”

“அதான் வாயால கேக்குறேனே!”

“வாய்ச்சொல்லை ஸ்கேன் பண்ண முடியாது. இங்கே வந்து தட்டிவிட்டு எடுத்துப் போ.”

“என் பெட்டியிலே ஒரு தடவை தட்டியாச்சு. உம்ம பெட்டியிலும் தட்ட நான் என்ன மத்தளக்காரனா?”

மறுநாள் குருபூசை. ஊரே சாப்பிட வரும். மூன்று கணினிகளையும் இணைத்துப் பேசவைக்க, அலுவலகம் சுடர்க்கொடி என்ற பொறியாளரைக் கோவையிலிருந்து வரவழைத்தது. தம்பிரான் உக்கிராணத்தைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மடத்துத் தலைவரிடம் போனார்.

“சந்நிதானத்திடம் ஒரு விண்ணப்பம்.”

“சொல்லும்.”

“இணைக்கக் கூடாது. இணைத்தால் மடப்பள்ளித் தப்பும் அலுவலகத் தப்பும் என் கணக்கில் வந்து விழும். இன்றுவரை என் இருப்பு ஒரு கிராம் பிசகியதில்லை. இணைத்தே தீரவேண்டும் என்றால் சாவியை வாங்கிக்கொள்ள உத்தரவாகட்டும். நான் போகிறேன்.”

“எங்கே?”

தம்பிரான் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். வீடு, உறவு எல்லாவற்றையும் விட்டாயிற்று. தன்னுடையது என்று மிஞ்சியது அந்தச் சாவி ஒன்றுதான்.

“பசியோடு முடிவெடுக்க வேண்டாம். பந்தியில் போய் உட்காரும்” என்றார் சந்நிதானம். பின்னாலேயே மடப்பள்ளி வாசலுக்கு வந்தார். “சிங்காரம், ரச வாளியை இங்கே கொடு.”

சந்நிதானமே பரிமாற வருகிறார் என்று பந்தி பதறி எழுந்தது. கையமர்த்தி உட்காரவைத்தார். இலை போடுபவர் இன்னும் அந்தக் கோடியில்தான் இருந்தார். தம்பிரான் முன்னால் வெறும் தரை.

சந்நிதானம் ஒரு கரண்டி ரசத்தை அங்கே ஊற்றினார்.

“சாமி! இலை போடவில்லை!”

“இலை வேறொருவர் பொறுப்பு. எனக்குத் தகவல் இல்லை.”

இன்னொரு கரண்டி. ரசம் ஓடிவந்து காவியை நனைத்தது.

“சோறும் வரவில்லை, சாமி!”

“அது இன்னொருவர்.”

மூன்றாவது கரண்டி நேரே மடியில் விழுந்தது.

“சாமி, சுடுகிறது!”

“வாய்ச்சொல்லுக்கு என் வாளியில் இடமில்லை.”

சந்நிதானம் குனிந்து வாளிக்குள் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

“மூன்று ஊற்றினேன். மூன்று குறைந்திருக்கிறது. என் கணக்கில் ஒரு சொட்டுப் பிசகு உண்டா, பாரும்.”

தூணுக்குப் பின்னால் சுடர்க்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். சிங்காரம் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவித் தம்பிரானிடம் நீட்டினார். தம்பிரான் வாங்கிக்கொண்டார். பார்கோடு இல்லாமல் அவர் வாங்கிய முதல் சரக்கு அதுவாகத்தான் இருக்கும்.

துடைத்தபடியே மெல்லக் கேட்டார்.

“இணைத்தால் என் கணக்கில் தப்பு வருமே, சாமி?”

“வரும்” என்றார் சந்நிதானம். “பாயசமும் வரும்.”

தம்பிரான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். அதிலும் ரசம். துடைத்துச் சுடர்க்கொடியிடம் கொடுத்தார்.

குருபூசையன்று பாயசம் தித்தித்தது. அம்பலவாணத் தம்பிரான் உக்கிராணத்தை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, தம் கடைசிக் காலம் வரை அந்த மடத்துப் பந்தியில் இலை போட்டார்.